சிக்னலில் நின்றால் மட்டும் கொதிக்கும் கார்: முதலில் எதில் காசு போடுவது?

மே மாதம், மதியம் இரண்டு மணி, வேளச்சேரி–தாம்பரம் சாலையில் பள்ளிக்கரணைப் பக்கம் ஒரு நீண்ட சிக்னல். முதலில் ஏசியிலிருந்து வந்த காற்று வெதுவெதுப்பாக மாறியது. கேஸ் குறைந்திருக்கும் என்று வழக்கம்போல நினைத்துக்கொண்டேன். அடுத்த இரண்டு நிமிடத்தில் டெம்பரேச்சர் முள் பாதியைத் தாண்டி மேலே ஏறியது. பச்சை விழுந்து வண்டி ஓட ஆரம்பித்ததும் முள் தானாக இறங்கியது, ஏசியும் குளிர்ந்தது. அடுத்த சிக்னலில் மறுபடி அதே கதை. முந்தின வாரம்தான் இதே காரில் விழுப்புரம் போய்வந்தேன், திண்டிவனம் வரை நூறில் ஓட்டியும் முள் அசையவே இல்லை.

வண்டி 2012 மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக், 90 ஆயிரம் கி.மீ. தாண்டிவிட்டது. அடுத்த மூன்று நாளில் நான்கு பேரிடம் சொன்னேன், நாலு விதமாக வைத்தியம் வந்தது. ஒரு ஒர்க்‌ஷாப்பில் ரேடியேட்டர், வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட் (இன்ஜின் சூடானதும் திறந்து தண்ணீரை ரேடியேட்டருக்கு விடும் வால்வு), ஓஸ் பைப் எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றிவிடலாம் என்று 18,500 ரூபாய்க்கு எஸ்டிமேட் அடித்துக் கையில் கொடுத்தார்கள். தெருமுனை மெக்கானிக், "தெர்மோஸ்டாட்டக் கழட்டிப் போட்டுட்டா போதும் சார், ஹீட்டே ஏறாது" என்றார். ஆட்டோ எலெக்ட்ரிக்கல் கடைக்காரர் ரேடியேட்டர் ஃபேனுக்கு டைரக்டாகக் கரண்ட் கொடுத்துவிடலாம், 300 ரூபாய் என்றார். மச்சான், பழைய கார் பாகங்கள் விற்கும் புதுப்பேட்டைக்குப் போய் பழைய ஃபேன் செட் ஒன்று வாங்கிப் போடு, எதற்குப் புதுசு என்றான்.

நாலு பேரில் ஒருவர்கூட, "நிக்கும்போது மட்டும் ஏறுதா, ஓடும்போதும் ஏறுதா?" என்று கேட்கவில்லை. எனக்குக் கோபமே அதில்தான். பாதி வைத்தியம் அந்தக் கேள்வியிலேயே இருக்கிறது.

ரேடியேட்டர் வேலை செய்ய இரண்டு விஷயம் வேண்டும்: உள்ளே தண்ணீர் சுற்ற வேண்டும், வெளியே காற்று புகுந்து போக வேண்டும். வண்டி 40, 50 கி.மீ. வேகத்தைத் தாண்டிவிட்டால் எதிர்க்காற்றே போதும், ஃபேன் பெரிதாகத் தேவைப்படாது. நின்றுவிட்டால் ஃபேன் ஒன்றுதான் கதி. ஆகவே நெடுஞ்சாலையில் சமர்த்தாக இருந்துவிட்டு சிக்னலில் மட்டும் கொதிக்கிற வண்டியில் தண்ணீர்ப் பக்கம் பெரும்பாலும் சரியாகவே இருக்கும், சந்தேகப்பட வேண்டியது காற்றுப் பக்கம். தெர்மோஸ்டாட் மூடியபடியே சிக்கிக்கொண்டிருந்தால் ஓட்டினாலும் நின்றாலும் ஏறும், அதிலும் வேகமாகப் போனால் இன்னும் சீக்கிரம் ஏறும். ரேடியேட்டர் உள்ளே அடைத்திருந்தால் ஏற்காடு மாதிரி மலை ஏறும்போது, நாலு பேரை ஏற்றிக்கொண்டு வேகமாகப் போகும்போது முதலில் காட்டிக்கொடுக்கும். இரண்டு விதிவிலக்குகள் உண்டு. கூலன்ட் (நான் தண்ணீர் என்று சொல்லும் அந்தத் திரவம்) அளவு குறைந்து உள்ளே காற்று புகுந்திருந்தால் நிற்கும்போது ஏறலாம். வாட்டர் பம்பின் இறக்கை அரித்துப்போயிருந்தால் ஐடிலிங்கில், அதாவது ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் இன்ஜின் சும்மா ஓடும்போது, தண்ணீர் மெதுவாகத்தான் சுற்றும், அப்போதும் ஏறும். இந்தப் பம்பைச் சோதிக்க நின்ற இடத்திலேயே ஆக்ஸிலரேட்டரை லேசாக மிதித்து 1,500, 2,000 ஆர்.பி.எம்.மில் பிடித்துப் பாருங்கள். ஃபேன் ஓடிக்கொண்டிருந்தும் ஐடிலிங்கில் ஏறி, மிதித்தால் முள் இறங்குகிறது என்றால் பம்ப்பைப் பார்க்க வேண்டியதுதான். என் காரில் மிதித்தால் இன்னும் வேகமாக ஏறியது.

ஏசி விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில்தான் நான் ஏமாந்தேன். ஏசியின் சூட்டை வெளியே விடும் கண்டென்சர் ரேடியேட்டருக்கு முன்னால் ஒட்டினாற்போல நிற்கிறது, என் வண்டியில் இரண்டுக்கும் சேர்த்து ஒரே ஃபேன். அது சுற்றாவிட்டால் நிற்கும்போது ஏசி முதலில் சாகும், பிறகுதான் இன்ஜின் முள் ஏறும். இரண்டு மாதத்துக்கு முன்பு சிக்னலில் ஏசி குளிரவில்லை என்று கேஸ் நிரப்பிக்கொண்டு வந்தேனே, அந்தக் காசு வீண். ஓடினால் குளிர்கிறது, நின்றால் குளிரவில்லை என்றால் கேஸ் கடைக்குப் போகும் முன் பானெட்டைத் திறந்து ஃபேனைப் பாருங்கள்.

சரி, ஃபேன்தான் என்று உறுதி செய்வது எப்படி? கையில் கருவி இல்லாமலே பாதி தெரிந்துகொள்ளலாம். இன்ஜினை ஓடவிட்டு ஏசியைப் போடுங்கள், பெரும்பாலான கார்களில் உடனேயோ சில நொடிகளிலோ ஃபேன் சுற்ற வேண்டும். ஏசி போட்டால் சுற்றுகிறது, சூடானால் மட்டும் சுற்றவில்லை என்றால் மோட்டார் நல்ல மோட்டார், கூலன்ட் சென்சார் பக்கம்தான் கோளாறு. சென்சாரின் கனெக்டரைப் பிடுங்கிவிட்டால் பல கார்களின் ஈசியூ (இன்ஜினை ஆளும் கம்ப்யூட்டர்) பயந்துபோய் ஃபேனைத் தானாக ஓட்டும் (செக் இன்ஜின் விளக்கு எரியும், பதற வேண்டாம்). அப்படி ஓடினால் ஒயர், ரிலே (ஃபேனுக்குக் கரண்ட் விடும் தானியங்கி சுவிட்ச்), மோட்டார் மூன்றும் நலம். எதற்கும் சுற்றவில்லை என்றால் முதலில் ஃபியூஸ், அப்புறம் ரிலே. ரிலேயைச் சோதிக்க தனியாக ஒன்று வாங்க வேண்டாம், ஃபியூஸ் பெட்டியில் ஹாரனுக்கோ வேறு எதற்கோ அதே எண் போட்ட ரிலே இருந்தால் இடம் மாற்றிப் போட்டுப் பாருங்கள். அதற்கும் சுற்றவில்லையா, ஃபேன் கனெக்டரைக் கழற்றி மோட்டாருக்கு பேட்டரியிலிருந்து நேராக இரண்டு ஒயர் கொடுத்துப் பார்க்கலாம். ஒரு எச்சரிக்கை: சாவியை எடுத்த பிறகும் சில கார்களில் ஃபேன் திடீரென்று சுற்றும். லுங்கி நுனி, துப்பட்டா, விரல் எதுவும் அந்தப் பக்கம் போகக்கூடாது.

என் காரில் ஏசிக்கும் சுற்றவில்லை, சூட்டுக்கும் சுற்றவில்லை, ரிலே மாற்றியும் பலனில்லை. ஒரு சின்ன மரக்கட்டையால் மோட்டாரின் பின்பக்கம் மெதுவாக இரண்டு தட்டு தட்டினேன். ஒரு உறுமல், ஒரு குலுக்கல், சுற்ற ஆரம்பித்துவிட்டது! அணைத்துப் போட்டால் மறுபடி செத்த பிணம். தட்டினால் உயிர் வருகிற மோட்டாரில் உள்ளே கார்பன் (சுற்றும் பாகத்துக்குக் கரண்ட் கொடுக்கும் சின்னக் கட்டை) தேய்ந்துவிட்டது என்று அர்த்தம், பழைய மிக்ஸி வைத்திருந்தவர்களுக்கு இது புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. கனெக்டரைக் கழற்றிப் பார்த்தால் ஒரு பின் பழுப்பேறி, பிளாஸ்டிக் லேசாக இளகி, கருகிய வாடை.

இப்போது அந்த வைத்தியங்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்ளலாம்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போடுவது நம் ஊரில் எவ்வளவு பரவலோ அவ்வளவு தப்பு. தெர்மோஸ்டாட் பெரும்பாலும் 82, 88 டிகிரி வாக்கில் திறக்கிற மாதிரி செய்திருப்பார்கள், இன்ஜின் சீக்கிரம் சூடாகி அந்தச் சூட்டிலேயே நிற்பதற்காக. அதைத் தூக்கி எறிந்தால் காலையில் இன்ஜின் சூடாக ரொம்ப நேரம் எடுக்கும், ஈசியூ வண்டி இன்னும் குளிர்ந்திருக்கிறது என்று நினைத்துப் பெட்ரோலை அதிகம் ஊற்றிக்கொண்டே இருக்கும், மைலேஜ் விழும். வேடிக்கை என்னவென்றால் சில இன்ஜின்களில் தெர்மோஸ்டாட்தான் பைபாஸ் வழியையும் அடைக்கிறது. அதை எடுத்துவிட்டால் தண்ணீர் ரேடியேட்டருக்கே போகாமல் குறுக்கு வழியில் இன்ஜினுக்குத் திரும்பி, ஹீட் இன்னும் கூடும். என் மாதிரி ஃபேன் செத்த வண்டியில் இதனால் நடப்பது ஒன்றுதான்: முள் ஏற இரண்டு நிமிடத்துக்குப் பதில் ஐந்து நிமிடம் ஆகும், நமக்குச் சரியாகிவிட்ட மாதிரி தோன்றும். தெர்மோஸ்டாட் கெட்டிருந்தால் புதிது போடுங்கள், அவ்வளவுதான்.

டைரக்ட் கனெக்‌ஷனுக்கு நான் அவ்வளவு எதிரி இல்லை. சென்சாரோ ஈசியூவோ கெட்டு, ஊருக்குப் போயே ஆக வேண்டிய நேரத்தில் ஃபேனை இக்னிஷனோடு சேர்த்துவிட்டால் வண்டி வீடு வந்து சேரும். ஆனால் சின்ன கார் ஃபேனே சாதாரணமாக 10 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும், சுற்ற ஆரம்பிக்கும்போது அதைவிட அதிகம். ரிலேயும் ஃபியூஸும் வைக்காமல் கையில் கிடைத்த மெல்லிய ஒயரில் சுவிட்ச் போட்டுக் கொடுத்தால் ஒயர்தான் முதலில் உருகும். எனக்கு 300 ரூபாய் சொன்னவரிடம் "ரிலே வெப்பீங்களாண்ணே?" என்று கேட்டேன், "அதெல்லாம் எதுக்கு சார்" என்றார். அதோடு அவர் கதை முடிந்தது. இன்னொன்று, என் மோட்டாரின் கார்பனே தேய்ந்திருக்கும்போது அதற்கு எந்த வழியில் கரண்ட் கொடுத்தால் என்ன, தட்டினால்தானே சுற்றப்போகிறது.

கார்பன் மாற்றுவது என்று ஒரு வழி இருக்கிறது, அந்த நாலு பேரும் சொல்லாதது, நானே விசாரித்தது. 400, 500 ரூபாயில் முடியும் என்றார்கள். பழைய மோட்டார்களில் திருகைக் கழற்றி மாற்றலாம், இப்போது வருபவை பலவும் தகட்டை மடக்கி மூடியவை, நெம்பித் திறந்து மறுபடி அடித்து மூட வேண்டும். உள்ளே கார்பன் உரசும் கம்யூட்டேட்டரில் பள்ளம் விழாமல் இருந்தால், தண்டைத் தாங்கும் புஷ் தேயாமல் இருந்தால், நல்ல கைக்காரர் கிடைத்தால் ஓரிரு வருடம் ஓடும். இந்த மூன்று ‘ஆல்’களும் சேர்ந்து அமைவது கஷ்டம். இதில் ஒரு ஆபத்தும் உண்டு, ஒயரை மாற்றிக் கொடுத்துவிட்டால் ஃபேன் எதிர்ப்பக்கம் சுற்றும். காற்றை உள்ளே இழுக்காமல் முன்பக்கம் தள்ளும், சத்தமும் வேகமும் சரியாக இருப்பதால் யாருக்கும் சந்தேகம் வராது, வண்டி மட்டும் கொதித்துக்கொண்டே இருக்கும்.

புதுப்பேட்டைக்கு ஒரு சனிக்கிழமை போனேன். மச்சான் சொன்னது பொய்யில்லை, என் மாடலுக்கே மூன்று கடைகளில் செட் இருந்தது, மோட்டார், இறக்கை, அதைச் சுற்றிய பிளாஸ்டிக் கூடு எல்லாம் சேர்த்து 1,200 சொல்லி 900-க்கு இறங்கினார்கள். கூடு உடைந்த வண்டிக்கு இதைவிட நல்ல வழி இல்லை. முன்பக்கம் இடித்து டிங்கரிங் செய்த கார்களில் இந்தக் கூட்டைப் பாதி உடைந்தபடியே மாட்டிவிடுவார்கள், அப்புறம் ஃபேன் எவ்வளவு சுற்றினாலும் காற்று ரேடியேட்டர் வழியாக வராமல் பக்கவாட்டிலிருந்து வரும். வாங்குவதானால் உங்கள் பழைய கனெக்டரைப் படம் எடுத்துக்கொண்டு போங்கள், தண்டைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள், கடையிலேயே பேட்டரி கொடுத்து ஐந்து நிமிடம் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள், அணைத்து அணைத்து நாலைந்து தடவை. மூன்றாவது கடையில் நான்காவது தடவை அது கிளம்பவில்லை. கடைக்காரர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன், இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. எத்தனை வருடம் ஓடியது, எதற்காகக் கழற்றினார்கள் என்று தெரியாத பொருளை, கெட்டால் ஹெட் கேஸ்கெட்டே (இன்ஜினின் மேல்பாகத்துக்கு அடியில் இருக்கும் சீல்) போகக்கூடிய இடத்தில் மாட்ட எனக்கு மனசு வரவில்லை. கதவுக் கைப்பிடி, ஹெட்லைட் என்றால் கண்ணை மூடிக்கொண்டு அங்கேதான் வாங்குவேன்.

அந்த 18,500 ரூபாய் எஸ்டிமேட்டைத் திட்டுவது சுலபம். நியாயமாகச் சொன்னால் அதே எஸ்டிமேட் சில வண்டிகளுக்குச் சரியாக இருக்கும். ரேடியேட்டரின் அலுமினியத் தகடுகள் விரலால் தொட்டாலே பொடியாக உதிர்கின்றனவா, பிளாஸ்டிக் தொட்டியும் அலுமினியமும் சேரும் இடத்தில் பச்சையாகவோ வெள்ளையாகவோ கறை படிந்திருக்கிறதா, நெடுஞ்சாலையிலும் முள் ஏறுகிறதா, அப்படியானால் ரேடியேட்டரை மாற்றத்தான் வேண்டும். பழைய பித்தளை ரேடியேட்டர் மாதிரி பிரித்து ராடு விட்டுச் சுத்தம் செய்து ஈயம் வைக்கிற சமாச்சாரம் இதில் நடக்காது. சென்னையில் வருடக்கணக்காகப் போர் தண்ணீரையே ஊற்றி வளர்த்த வண்டிகளுக்கு இந்த கதி சீக்கிரமே வரும், வீட்டு வாளியில் படிகிற அதே உப்புதான் உள்ளேயும் படிகிறது. (லீக்கை அடைக்க மஞ்சள் தூள், மிளகுத் தூள் போடச் சொல்வோர் இன்னும் இருக்கிறார்கள். ரசம் வைக்க ரேடியேட்டர் எதற்கு?) ஆனால் வெளியே மட்டும் அடைத்திருந்தால் காசே செலவில்லை. கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் தூசும் பூச்சியும் பஞ்சும் மெத்தை மாதிரி சேர்ந்திருக்கும், தோட்டத்துக் குழாயால் இன்ஜின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக அடித்தால் போய்விடும். வாட்டர் வாஷ் கடையின் பிரஷர் கன் வேண்டாம், தகடெல்லாம் மடங்கிவிடும்.

இன்னொரு வகை வண்டியை மச்சானுக்காகவே சொல்ல வேண்டும். அவனுடையது பழைய டீசல், அதில் எலெக்ட்ரிக் ஃபேன் கிடையாது, இன்ஜினே ஓட்டுகிற விஸ்கஸ் ஃபேன். அதற்கு ரிலே, சென்சார் ஆராய்ச்சியெல்லாம் பொருந்தாது. நன்றாகச் சூடான பிறகு இன்ஜினை நிறுத்தி, ஃபேனைக் கையால் சுண்டிவிட்டுப் பார்க்க வேண்டும், இறுக்கமாக உடனே நின்றால் நல்லது, காற்றாடி மாதிரி சும்மா பல சுற்று சுற்றினால் கிளட்ச்சுக்குள் இருக்கும் சிலிகான் எண்ணெய் போய்விட்டது. அந்த கிளட்ச்சைத்தான் மாற்ற வேண்டும்.

நான் மேலே எழுதிய எந்த வைத்தியத்தையும் தொடவே கூடாத ஒரு நிலையும் உண்டு. காலையில் குளிர்ந்த வண்டியை ஸ்டார்ட் செய்த ஓரிரு நிமிடத்திலேயே மேல் ஓஸ் கல் மாதிரி இறுகுகிறது, ரிசர்வ் டேங்கில் விடாமல் குமிழி வருகிறது, எங்கும் ஒழுகாமல் கூலன்ட் குறைகிறது, ஆயில் மூடியில் மோர் மாதிரி படிந்திருக்கிறது: இவற்றில் இரண்டு சேர்ந்தால் ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம். அதற்குமேல் அந்த வண்டியை ஓட்டிப் பார்க்காமல் டோ செய்துகொண்டு போவதே மலிவு. வழியில் முள் ஏறினால் ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுதாகத் திருப்பி, பிளோயரையும் முழுதாக வைக்கலாம், ஹீட்டரும் ஒரு குட்டி ரேடியேட்டர்தான். மே மாதத்தில் ஹீட்டரா என்று பக்கத்தில் இருப்பவர் முறைப்பார், முறைக்கட்டும். அதற்கும் இறங்காவிட்டால் ஓரம் கட்டி இன்ஜினை நிறுத்திவிட்டு அரை மணி, முக்கால் மணி நேரம் மூடியைத் தொடாமல் இருக்க வேண்டும். கொதிக்கிற இன்ஜின் மேல் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் அலுமினிய ஹெட் வளைந்தோ விரிசல் விட்டோ போகும்.

கடைசியில் நான் புது மோட்டார்தான் போட்டேன். மோட்டார் 2,900, கருகிய கனெக்டருக்குப் பதில் புதிது வைத்தது உட்பட கூலி 700. ஃபேனை வெளியே எடுக்க மேல் ஓஸைக் கழற்ற வேண்டியிருந்தது, எப்படியும் கூலன்ட் கொட்டும் என்பதால் கலந்தே வருகிற கூலன்ட் நாலு லிட்டர் 1,200, ரேடியேட்டர் மூடி 250, மொத்தம் 5,050 ரூபாய். மூடியை ஏன் மாற்றினேன் என்றால், அதில் 0.9 அல்லது 1.1 பார் என்று எழுதியிருக்குமே, அந்த அழுத்தம் உள்ளே நிற்பதால்தான் வெறும் தண்ணீரே 118 டிகிரி வாக்கில்தான் கொதிக்கும், கூலன்ட் கலவை 125-ஐயும் தாண்டும். பத்து வருட ஸ்பிரிங் அந்த அழுத்தத்தைப் பிடிக்கும் என்று நம்ப முடியாது, 250 ரூபாய்க்கு யோசிக்கவும் வேண்டாம்.

மறுநாள் காலை சிக்னலில் முள் மறுபடி ஏறியது. வயிறு கலங்கிவிட்டது. ஃபேன் ஜோராகச் சுற்றுகிறது, ஏசி குளிர்கிறது, முள் மட்டும் ஏறுகிறது. ஹீட்டரைப் போட்டுப் பார்த்தேன், குளிர்ந்த காற்று வந்தது. இன்ஜின் கொதிக்கும்போது ஹீட்டரில் குளிர்ந்த காற்று வந்தால் சுடுதண்ணீர் அங்கே போகவில்லை, கூலன்ட் நிரப்பியபோது உள்ளே காற்று சிக்கிக்கொண்டது என்று பொருள். வீட்டு வாசல் சரிவில் முன்பக்கம் மேலே இருக்கும்படி ஏற்றி நிறுத்தி, முழுக்க ஆறிய பிறகு மூடியைத் திறந்து, ஹீட்டரை முழுதாக வைத்து இன்ஜினை ஓடவிட்டேன். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு குடம் கவிழ்ந்த மாதிரி குளக் குளக் என்று நாலைந்து குமிழி, மட்டம் சரசரவென்று இறங்கியது, அரை லிட்டருக்கு மேல் குடித்தது. ஹீட்டரில் சூடு வந்ததும் மூடினேன்.

அதன் பிறகு இன்ஜின் சூட்டை போனுக்கு அனுப்பும் புளூடூத் ஸ்கேனரைக் குத்தி போனில் பார்த்துக்கொண்டே இருபது நிமிடம் ஏசியோடு நிற்கவிட்டேன். டேஷ்போர்டு முள்ளை மட்டும் நம்ப வேண்டாம், பல கார்களில் 75-லிருந்து 100 வரை அது நடுவிலேயே நிற்கிற மாதிரிதான் அமைத்திருக்கிறார்கள், அசைந்தாலே தாமதம்தான். போனில் 91, 94, 96, பிறகு மறுபடி 92. ஏசியை அணைத்தேன், 98 தொட்டதும் ஃபேன் தானாகக் கிளம்பியது, 93-இல் நின்றது. காற்று சரியான பக்கம் இழுக்கிறதா என்று பார்க்க ஒரு தாளைக் கண்டென்சர் முன்னால் பிடிக்க வேண்டும், ஒட்டிக்கொண்டால் சரி. டேஷ்போர்டுப் பெட்டியைத் திறந்தேன், கைக்குக் கிடைத்தது அந்த 18,500 ரூபாய் எஸ்டிமேட். ஏசியைத் திரும்பப் போட்டுப் பிடித்தேன், கையை எடுத்த பிறகும் விழாமல் அப்படியே ஒட்டிக்கொண்டு நின்றது.